எந்தப் பொத்தானை அமுக்குவது?

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் ஒரு விசித்திரம் நடந்தது. வி.எல்.சி. என்னும் இலவசக் காணொளி இயக்கியின் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. ஏற்கெனவே கணினியில் வி.எல்.சி. வைத்திருந்தவர்கள் வழக்கம்போலப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக இறக்கிக்கொள்ளும் வாசல் மட்டும் அடைபட்டுக் கிடந்தது. அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பு, 'இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன்' துணையோடு அரசுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பிய பிறகு, நவம்பரில்தான் வாசல் மறுபடி திறந்தது.

இடைப்பட்ட மாதங்களில் வி.எல்.சி. வேண்டும் என்று தேடியவர் எங்கே போயிருப்பார்? தேடுபொறி காட்டிய வேறு ஏதோ ஒரு தளத்துக்கு. அப்படிப்பட்ட தளங்கள் எப்படியிருக்கும் என்பது கணினி தொட்ட எல்லோருக்கும் தெரியும். மேலே பெரிய பச்சைப் பொத்தான்: 'டவுன்லோடு'. அதற்குக் கீழே அதைவிடப் பெரிதாக இன்னொன்று. வலப்பக்கம் மினுக்கிக்கொண்டு மூன்றாவது. மூன்றுமே விளம்பரம். உண்மையான இணைப்பு பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். இந்தத் தொல்லை எந்த அளவுக்கு முற்றியது என்றால், 2016 பிப்ரவரியில் கூகுள், போலிப் பதிவிறக்கப் பொத்தான்களைக் காட்டும் பக்கங்களுக்குள் நுழையும் முன் சிவப்பு எச்சரிக்கை காட்டப்போவதாக அறிவித்தது.

நம்பிக்கையான இடங்களும் இதில் சறுக்கின. கட்டற்ற மென்பொருள்களின் பெரும் கிடங்காக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ், 2013-இல் 'டெவ்ஷேர்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கேட்ட மென்பொருளோடு கேட்காத சிலவற்றையும் ஒட்டி அனுப்பும் ஏற்பாடு அது. படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருள் குழு அதே ஆண்டு நவம்பரில் அங்கிருந்து வெளியேறியது. 2016-இல் தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள் முதல் வேலையாக அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். போன பெயர் அவ்வளவு எளிதில் திரும்பவில்லை என்பது வேறு விஷயம்.

ஜிம்ப்புக்கு ஆபத்து அதோடு ஓயவில்லை. 2022 அக்டோபரில் கூகுள் தேடலில் ஜிம்ப்புக்கு ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரத்தில் தெரிந்தது ஜிம்ப்பின் உண்மையான முகவரி. அமுக்கினால் போய்ச் சேர்ந்தது ஓரெழுத்து ஈரெழுத்து மாறிய போலித் தளத்துக்கு. அங்கே கிடைத்தது கடவுச்சொற்களைத் திருடும் நச்சுநிரல். போலிக்காரர்கள் தங்கள் பக்கத்தை அசலைப் போலவே, சில நேரம் அசலைவிட அழகாகக் கட்டுகிறார்கள். பொத்தான் எது என்று யாரும் தேட வேண்டியிருக்காது. நேர்மையான மென்பொருள் கொடுப்பவர்கள்தான் தங்கள் பதிவிறக்கப் பக்கத்தைக் கடைசி நேரத்தில் ஒட்டவைத்த அறிவிப்புப் பலகைபோல விட்டுவிடுகிறார்கள். பல ஆண்டு உழைப்பு மென்பொருளுக்கு, அரை மணி நேரம் அதன் வாசலுக்கு.

அந்த வாசலில் வந்து நிற்பவருக்கு வேண்டியது கொஞ்சம்தான்: தன் கணினிக்கு ஏற்ற கோப்பு, தன் மொழியில். இதை ஊகித்துக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். உலாவி ஒவ்வொரு தளத்துக்குள் நுழையும்போதும் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது: நான் இன்ன உலாவி, இன்ன இயங்குதளத்தில் ஓடுகிறேன், என்னை வைத்திருப்பவர் இன்னின்ன மொழிகளை விரும்புகிறார். அந்த அறிமுகத்தை வைத்துத்தான் ஃபயர்பாக்ஸ் உலாவித் தளத்தின் முகப்பில் நமக்கு ஒரே ஒரு பொத்தான் தெரிகிறது. 2008 ஜூன் 17 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் ஃபயர்பாக்ஸ் 3-இன் பதிவிறக்க எண்ணிக்கை 80,02,530 என்று கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. அத்தனை பேரும் மொழி வாரியாக, இயங்குதள வாரியாக நீண்ட அட்டவணையில் விரல்வைத்துத் தேடியிருந்தால் சாதனை எட்டாக்கனியாகியிருக்கும். அப்படியொரு அட்டவணையும் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் தளத்துக்குள் வெகுகாலம் இருந்தது. வரிசையாக மொழிகள், எதிரே விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று இணைப்புகள். தேவைப்பட்டவர்கள் அங்கே போனார்கள்.

ஊகம் நல்ல வேலைக்காரன். ஆனால், அந்த அறிமுகத்தில் பொய் கலந்திருக்கிறது. பொய் என்பதைவிட, பழக்கதோஷம் என்று சொல்லலாம். விண்டோஸ் 11 ஓடும் கணினியும் தன்னை விண்டோஸ் 10 என்றே உலாவி வழியாகச் சொல்லிக்கொள்கிறது. பழைய தளங்கள் குழம்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. 2019-இல் வந்த ஐபேட் இயங்குதளத்தின் சஃபாரி உலாவி, தான் ஐபேட் என்பதை மறைத்து மேக் கணினி என்று சொல்லத் தொடங்கியது. முழு அளவுப் பக்கங்கள் கிடைக்க வேண்டும் என்பதற்காக. விளைவு, ஐபேடில் ஓடவே ஓடாத மேக் கோப்பைச் சில தளங்கள் அதன் கையில் திணித்தன.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1-ஐக் கொண்டுவந்தபோது கூத்து இன்னும் கூடியது. புதிய மேக், பழைய மேக் இரண்டுமே உலாவியில் 'இன்டெல் மேக்' என்றுதான் கையெழுத்துப் போட்டன. தளத்தால் பிரித்தறிய முடியவில்லை. இங்கே இரண்டு நிறுவனங்கள் எடுத்த முடிவுகளைப் அருகருகே வைத்துப் பார்க்கலாம். கூகுள், குரோம் இறக்க வந்தவரை நிறுத்தி, உங்களுடையது இன்டெல் சில்லா, ஆப்பிள் சில்லா என்று கேட்டது. மொசில்லா, டிசம்பரில் வெளியிட்ட ஃபயர்பாக்ஸ் 84-இல் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே கோப்பைக் கொடுத்தது. கோப்பு பெருத்தது, கேள்வி மறைந்தது. தன் கணினிக்குள் என்ன சில்லு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஒரு சாதாரண மனிதருக்கு இல்லை என்று நினைப்பவர்களுக்கு மொசில்லாவின் வழிதான் பிடிக்கும். இக்கட்டுரையும் அந்தக் கட்சிதான். ஆனால், இணையத்துக்கு எம்.பி. கணக்கில் காசு கொடுக்கிறவர் கூகுள் பக்கம் சாய்ந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

கேட்டே ஆக வேண்டும் என்றால் மனிதர் பேசும் மொழியில் கேட்க வேண்டும். லினக்ஸ் உலகில் 'ஏஎம்டி64' என்று ஒரு பெயர் உண்டு. இன்று விற்கும் 64 பிட் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் கோப்பு அது, இன்டெல் கணினிகளுக்கும் சேர்த்து. அந்தக் கட்டமைப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி நிறுவனம், இன்டெல் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அதனால் பெயர் நின்றுவிட்டது. வரலாறு சரி. 'இன்டெல்' என்று ஒட்டுத்தாள் ஒட்டிய மடிக்கணினியோடு வருகிறவர் 'ஏஎம்டி' என்று கண்டதும் பின்வாங்கி, பக்கத்திலிருக்கும் 'ஐ386'-ஐ அமுக்குவார். அது பழைய 32 பிட் கணினிகளுக்கானது. தவறு அவருடையது என்று எப்படிச் சொல்வது?

டெபியன் லினக்ஸின் கதை இதைவிடச் சுவையானது. கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கையில் கறாரான அமைப்பு டெபியன். வைஃபை அட்டைகளுக்கு வேண்டிய சில நிரல்களை அவற்றின் நிறுவனங்கள் மூல வரிகளோடு தருவதில்லை. எனவே டெபியனின் அதிகாரப்பூர்வக் கோப்பில் அவற்றுக்கு இடமில்லை. முகப்பில் இருந்ததை இறக்கி நிறுவத் தொடங்கினால் பல மடிக்கணினிகளில் வைஃபை வேலை செய்யாது. வேலை செய்யும் கோப்பும் இருந்தது. 'அதிகாரப்பூர்வமற்றது' என்ற முத்திரையோடு, விவரம் தெரிந்தவர் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு மூலையில். 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், வைஃபை நிரல்கள் அதிகாரப்பூர்வக் கோப்புக்குள்ளேயே வந்துவிட்டன. கொள்கையில் நெகிழ்ந்தார்கள் என்று வருந்துவோர் உண்டு. புதியவர்களை இத்தனை ஆண்டுகள் தவறான கோப்போடு அனுப்பிக்கொண்டிருந்தோமே என்று வருந்தியவர்கள்தான் வாக்கெடுப்பில் வென்றார்கள்.

பக்கம் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு ஆரம்பத்தில் சொன்ன வி.எல்.சி.யே நல்ல உதாரணம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதன்கீழே பதிப்பு எண், ஊகித்த இயங்குதளத்தின் பெயர், கோப்பின் அளவு. பொத்தானின் ஓரத்தில் சிறு அம்புக்குறி. அமுக்கினால் மற்ற வகைகள் விரியும். ஊகிக்கிறது, ஊகித்ததை வாய்விட்டுச் சொல்கிறது, தப்பென்றால் அங்கேயே மாற்ற விடுகிறது. இந்த மூன்றாவது இல்லாத ஊகம் அதிகாரமாக மாறிவிடும். அடுத்தவர் கணினிக்காக, இணையமில்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்காக, பென்டிரைவில் போட்டுக்கொடுக்க இறக்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி, வேண்டியது விண்டோஸ் கோப்பு. 'உங்கள் கருவிக்கு இது பொருந்தாது' என்று திருப்பி அனுப்பும் பக்கத்துக்கு இப்படியும் ஒரு மனிதர் இருப்பார் என்று தெரியவில்லை. கோப்பின் அளவைச் சொல்வதும் சின்ன விஷயமல்ல. லிப்ரெஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளின் விண்டோஸ் கோப்பு 300 எம்.பி.க்கு மேல். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்று அளந்து வாங்குகிற வீட்டில் அது தெரிந்துதான் அமுக்க வேண்டும்.

இனி மொழி. தமிழ் வாசகரைக் கையோடு இழுத்துவிடும் இடம் இது.

இணையத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கக் கொடிகளைப் படமாகப் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தமிழுக்கு எந்தக் கொடி? இந்தியாவுடையதா, தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் இலங்கையுடையதா, சிங்கப்பூருடையதா? கொடி நாட்டுக்கு, மொழிக்கல்ல என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே பல காலமாகச் சொல்லிவருகிறது. மொழியின் பெயரை அதன் எழுத்திலேயே எழுதுவதுதான் வழி: නමක් போலத் தெரியும் 'සිංහල' நமக்கானதல்ல, 'தமிழ்'தான் நமக்கானது என்று ஒரே பார்வையில் தாண்டிப் போக முடிய வேண்டும். பட்டியல் நீளும்போது இன்னொரு சிக்கல். ஆங்கில அகரவரிசைப்படி 'டி' எழுத்தில் தமிழ் கடைசிப் பகுதிக்குப் போய்விடும். யூனிகோடு வரிசைப்படி ஒடியாவுக்கும் தெலுங்குக்கும் நடுவில் வந்து உட்காரும். எந்த வரிசை என்று ஊகிக்க முடியாதவருக்கு ஒரு தேடல் பெட்டி வேண்டும். அதில் தமிழ் என்று தமிழில் தட்டினாலும் ஆங்கில எழுத்தில் தட்டினாலும் கிடைக்க வேண்டும்.

இதெல்லாம் தமிழைத் தேடி வருகிறவருக்கு. தேடாதவருக்குத் தமிழ் இருக்கிறது என்பதே தெரியாது. காரணம், நாம் கணினியை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறோம். கடையில் வாங்கும்போது விண்டோஸ் ஆங்கிலத்தில் வருகிறது, அப்படியே விட்டுவிடுகிறோம். உலாவியும் எல்லாத் தளங்களிலும் 'இவருக்கு ஆங்கிலம் போதும்' என்று நம் சார்பில் சொல்லிக்கொண்டே போகிறது. ஃபயர்பாக்ஸ் தொண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது, தமிழும் அதிலொன்று. ஆனால், மதுரையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவருக்கு ஆங்கிலப் பதிப்பு இறங்கும். பிறகு யாரோ கணக்கெடுத்துத் தமிழ்ப் பதிப்பை இறக்குபவர்கள் குறைவு என்று சொல்வார்கள். கதவைக் காட்டாமலேயே ஆள் வரவில்லை என்று எழுதிக்கொள்ளும் கணக்கு இது.

இணைய இணைப்பின் ஐ.பி. முகவரியை வைத்து மொழியை முடிவுகட்டும் தளங்கள் இன்னொரு வகை. இந்திய முகவரி என்றால் இந்தி. பாரிசிலோ சூரிக்கிலோ இருக்கும் யாழ்ப்பாணத்தவருக்குப் பிரெஞ்சு, ஜெர்மன். மண்ணை வைத்து மொழியைச் சொல்லும் இந்தப் பழக்கத்துக்கு எந்த விளக்கமும் பொருந்தாது. உலாவி சொல்லும் மொழி குறைந்தபட்சம் ஒரு மனிதரின் அமைப்பிலிருந்து வருகிறது. முகவரி, கம்பி எங்கே முடிகிறது என்பதை மட்டும்தான் சொல்லும்.

லிப்ரெஆபிஸில் வேறொரு இடறல். விண்டோஸுக்கு எல்லா மொழிகளும் ஒரே கோப்பில் வருகின்றன. லினக்ஸ், மேக் கணினிகளில் முதன்மைக் கோப்பு ஒன்று, மொழிக்கோப்பு தனியாக ஒன்று. இரண்டாவதை இறக்காமல் முதலாவதை மட்டும் நிறுவியவர் திறந்து பார்ப்பார், ஆங்கிலமாக இருக்கும், தமிழில் வரவில்லை போல என்று மூடிவிடுவார். தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து மொழிபெயர்த்த ஆயிரக்கணக்கான சொற்றொடர்கள் அந்த இரண்டாவது சொடுக்குக்கு முன்னால் நின்றுவிடுகின்றன.

சரி, பக்கமே தமிழில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிரலர்கள் 'இதற்கான பதிவிறக்கம்' என்ற வாசகத்தை ஒருமுறை எழுதிவிட்டு, இயங்குதளத்தின் பெயரை இயந்திரம் செருகிக்கொள்ளட்டும் என்று வெற்றிடம் விடுவார்கள். ஆங்கிலத்தில் பெயர் மாறாது, முன்னால் ஒரு சொல் வந்தால் போதும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டும், ஒட்டும்போது பெயரையும் கொஞ்சம் வளைக்கும். விண்டோஸ் 'விண்டோஸுக்கான' ஆகும், மேக் 'மேக்குக்கான' ஆகும், ஆண்ட்ராய்டு 'ஆண்ட்ராய்டுக்கான' ஆகும். இயந்திரம் வெற்றிடத்தில் செருகினால் வருவது 'விண்டோஸ்க்கான', 'மேக்க்கான'. படிப்பவருக்குப் பல்லில் கல் சிக்கியதுபோல் இருக்கும். மொழிபெயர்ப்பாளரிடம் வாக்கியத்தை முழுதாகக் கொடுத்தால், ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனி வரி எழுதிவிடுவார். அல்லது 'பதிவிறக்கம்: விண்டோஸ்' என்று உருபே தேவைப்படாமல் மாற்றிவிடுவார். தொழில்நுட்பம் எதுவும் தடுக்கவில்லை. இப்படியும் ஒரு மொழி இருக்கும் என்ற நினைப்பு வர வேண்டும், அவ்வளவுதான்.

பொத்தானின் அளவும் ஆங்கிலத்துக்கு வெட்டியதுதான். 'பதிவிறக்குக' என்பது அதில் அடங்காது. அடங்கினாலும், மேலே ஏறும் இகரக் கொக்கியும் கீழே இறங்கும் உகர வளைவும் விளிம்பில் அறுபடும். பெயரிலும் ஒற்றுமை இல்லை: தமிழ்நாட்டில் பதிவிறக்கம், இலங்கையில் தரவிறக்கம். இரண்டுமே புரியும் என்பதால் இதைச் சண்டையாக்க வேண்டியதில்லை. ஒரே பக்கத்தில் இரண்டையும் 'டவுன்லோடு' என்பதையும் கலந்து போடாமல் இருந்தால் சரி.

தமிழருக்குப் பதிவிறக்கப் பக்கம் புதிதல்ல. சொல்லப்போனால் தமிழ் இணையமே அங்கேதான் தொடங்கியது. யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வோர் இதழின் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. டிஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கங்கள். செய்தி படிக்க வேண்டுமா, முதலில் எழுத்துருவை இறக்கி நிறுவுங்கள். அதை எப்படி நிறுவுவது என்ற விளக்கத்தைத் தமிழில் எழுத முடியாது, ஏனென்றால் படிக்க வேண்டிய எழுத்துரு இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை! ஆங்கிலத்தில் எழுதினார்கள், அல்லது தமிழ் வரிகளைப் படமாக ஒட்டினார்கள். அமெரிக்காவிலோ மலேசியாவிலோ இருந்த ஒருவர் தன் ஊர்ச் செய்தியைப் படிக்க இத்தனை படி ஏறினார். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றபோது அந்தக் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. படிகளைக் குறைத்தால் கூட்டம் வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம்மிடம் இல்லை.

கைபேசிச் செயலிக் கடைகள் வந்த பிறகு இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பிளே ஸ்டோரில் ஒரே பொத்தான், கருவியைக் கேட்பதில்லை, மொழியைக் கேட்பதில்லை. உண்மைதான். ஆனால், மொழியைக் கேட்காததுதான் அங்கே குறையாக நின்றது. கைபேசி ஆங்கிலத்தில் இருந்தால் செயலியும் ஆங்கிலத்தில். ஆப்பிள் 2019-இலும், ஆண்ட்ராய்டு 13 வழியாகக் கூகுள் 2022-இலும் ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தன. கைபேசி ஆங்கிலத்தில், செய்திச் செயலி தமிழில் என்று வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் புரிந்துகொள்ள அவ்வளவு காலம் பிடித்தது. மேலும் கணினி உலகம் இன்னும் கடைக்குள் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று ஆசைப்படவும் வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து பதிவிறக்க இணைப்பைத் திருப்பி, பின்கதவு வைத்த கோப்பைக் கொடுத்தார்கள். 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக் மென்பொருளின் இரண்டாம் சேமிப்பகம் ஒன்றில் நான்கு நாட்கள் நச்சுக்கோப்பு இருந்தது. இதற்குத்தான் கோப்பின் அருகே 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு சரிபார்ப்புக் கோவை போடுகிறார்கள். அது என்ன, அதை வைத்து என்ன செய்வது என்று மட்டும் பெரும்பாலும் எழுதுவதில்லை. இரண்டு வரி விளக்கம், படிப்பவரின் மொழியில் போதும்.

தமிழில் எழுத்துருவோ விசைப்பலகையோ அகராதியோ செய்து இலவசமாகத் தருகிறவர்கள், தமிழ் இணையக் கல்விக்கழகம் உட்பட, தங்கள் பதிவிறக்கப் பக்கத்தை ஒருமுறை கைபேசியில் திறந்து பார்க்க வேண்டும். கணினி தெரியாத உறவினர் ஒருவரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே திருத்தம் தேவை. வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அமைப்புகளுக்குள் மொழிகள் என்ற பகுதி உண்டு. அங்கே தமிழைச் சேர்த்து, பட்டியலின் மேலே ஏற்றிவையுங்கள். தமிழ் இல்லாத தளங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் வரும். தமிழ் வைத்திருக்கும் தளங்கள் அன்றிலிருந்து உங்களுக்குத் தமிழைக் காட்டத் தொடங்கும்.